கோடு விழாத வயிறு

ஹனோயிலிருந்து பல மணி நேர பஸ் தூரத்தில், கடலோரத்து ஹாய் ஹவ் உப்பளத்தில் ஒரே வீட்டு அக்காவுக்கும் தங்கைக்கும் ஒரே நோய். ஈரலிலிருந்து இறங்கும் பித்தக் குழாய் பலூன்போல உப்பிக்கொள்ளும் பிறவிக் கோளாறு. வைத்தியமும் ஒன்றே: உப்பிய பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, மிச்சக் குழாயைக் குடலோடு தைத்துவிடுவார்கள். மூத்தவள் லுவாவுக்கு ஹனோயில் வயிற்றைக் குறுக்கே திறந்து செய்தார்கள். சில வருடம் கழித்து, மூன்று வயது மியெனுக்குச் சின்னச் சின்னத் துளைகள் போட்டு, கேமரா விட்டுச் செய்தார்கள். உள்ளே நடந்தது ஒன்றுதான். வெளியேதான் இருவரும் வேறு வேறு மனுஷிகளானார்கள்.

துளைதான் வேண்டும் என்று டாக்டரிடம் அழுதவள் அம்மா. "மூத்தது வயித்துல பூரான் படுத்த மாதிரி கெடக்குங்க. இதையாவது கோடு விழாம குடுங்கய்யா."

அந்த அன்பில் குறை சொல்ல முடியாது. மியென் அதன் பலனைச் சுமந்துகொண்டே வளர்ந்தாள். தோளில் கிடந்த காவுத்தடியின் இரு முனையிலும், உப்பெடுக்கக் கடல்நீர் ஊறவைத்த ஈர மணல் கூடைகளாக.

லுவா எதையும் தூக்குவதில்லை. "வயித்தைக் கிழிச்ச பொண்ணு" என்று ஊரே அவளுக்கு நிழல் பார்த்து முக்காலி போடும். அவள் சோம்பேறியல்ல; பலவீனமானவள் என்று பிறர் சொல்லிச் சொல்லி, நிஜமாகவே பலவீனமாகிவிட்டாள். மியென் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வாரமே வாத்து துரத்தியவள். "இதுக்கா ஹனோய் வரைக்கும் போனீங்க?" என்று பக்கத்து வீட்டு ஹோவாய் அன்றே தீர்ப்பு சொல்லிவிட்டாள்.

தைத்த இடம் சுருங்கலாம், இருவரையும் வருடந்தோறும் கூட்டி வா என்று டாக்டர் சொல்லியிருந்தார். புது வருடம் முடிந்ததும் அம்மா லுவாவை மட்டும் பஸ் ஏற்றுவாள்.

"நான் வர வேண்டாமா?" என்று மியென் கேட்பாள்.

"உனக்கு என்னத்தப் பாக்க? தேடுனாலும் ஒரு வடு இல்ல. மணலை யாரு வாருவா?"

பதினைந்தாவது வயதில், நல்ல வெயிலில், மணல் களத்தில் நின்றிருந்த மியெனைக் குளிர் நடுக்கியது.

"வேலைன்னதும் இவளுக்குக் குளிரும்" என்றாள் ஹோவாய்.

"வெயிலு தலைக்கேறிடுச்சு. எலுமிச்சந் தண்ணி குடிச்சிட்டு வாடி" என்றாள் அம்மா.

முக்காலியிலிருந்து லுவாதான் எழுந்து வந்தாள். அந்த வீட்டில் நோயைப் பார்த்தால் அடையாளம் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். தங்கையின் இமையை விரலால் விலக்கிப் பார்த்தாள்.

"அம்மா, கண்ணு மஞ்சளாயிருக்கு. ஹனோய்க்குக் கெளம்பு. நானும் வரேன்."

"நீ வராத. பஸ்ஸு குலுக்கும்."

தையல் சுருங்கி, பித்தம் தேங்கிச் சீழ் பிடித்திருந்தது. முதலில் மருந்தேற்றிக் காய்ச்சலை இறக்கினார்கள். பிறகு டாக்டர் வந்து, தைத்ததைப் பிரித்து மறுபடி தைக்க வேண்டும் என்றார். பயப்படாதே, இதையும் துளை வழியாகவே செய்துவிடலாம் என்று சிரித்தார்.

"வேண்டாம் டாக்டர்" என்றாள் மியென். "கிழிச்சே பண்ணுங்க. அக்காவுக்கு மாதிரி, பெருசா."

"புத்தி கெட்டுப் போச்சா? நாளைக்கு எவன் கட்டுவான்?" என்றாள் அம்மா.

டாக்டர் அதைக் காய்ச்சல் விட்டுப்போன பிதற்றலாக எடுத்துக்கொண்டார். "எல்லாரும் தழும்பு வேண்டாம்னு கெஞ்சுவாங்க. நீ தலைகீழா இருக்கியே கண்ணு! திறக்க வேண்டிய அவசியமே இல்ல."

அவர் கெட்டிக்காரர். துளையிட்ட பழைய இடங்களிலேயே கருவியை இறக்கி, மற்ற டாக்டர்கள் வந்து பார்த்துப் போகும்படி செய்துமுடித்தார்.

ஊர் திரும்பியதும் அம்மா உண்மையான பெருமையோடு மகளின் சட்டையைத் தூக்கி ஹோவாயிடம் காட்டினாள். "பாரு. கொசு கடிச்ச தடம்கூட இல்ல!"

ஹோவாய் குனிந்து பார்த்தாள். "அட, ஆமா. அப்ப களத்துக்கு எப்ப வருவா?"

மியென் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

"வானம் தெளிஞ்சிருக்கே" என்றாள் அம்மா. "நாளைக்கே வரட்டும்."