தழை இல்லாத கல்

குரங்கணிக்கு மேலே மகளோடு நடந்துகொண்டிருந்தபோது பாதையோரம் அந்தக் கல்லைப் பார்த்தேன். அதன்மேல் ஒரு இலைகூட இல்லை. என் கால்கள் தாமாக நின்றுவிட்டன.

சின்ன வயதில் அப்பாவோடு ஏலத்தோட்டத்துக்கு இதே பாதையில்தான் ஏறுவேன். மலைக்குப் போகிற எல்லோரும் காட்டுச்சாமிக்கென்று ஒரு பச்சைக் கொப்பை ஒடித்து இந்தக் கல்லில் போட்டுவிட்டுத்தான் தாண்டுவார்கள். காலையில் தோட்டத்து ஆட்கள் ஏறிய பிறகு கல்லே தெரியாத அளவுக்குத் தழை குவிந்து கிடக்கும். கசங்கிய இலையின் வாசம் வளைவுக்கு முன்பே மூக்கில் ஏறும்.

ஒருநாள் நாங்கள் பிந்திப் போனோம். வாசம் வந்தது, தழையைக் காணோம். கல்லெல்லாம் எச்சில் ஈரம். அதில் கொஞ்சம் நார் மட்டும் ஒட்டியிருந்தது. வழி நெடுக உரக்கப் பேசிக்கொண்டே வரும் அப்பா சட்டென்று வாயை மூடினார்.

"என்னப்பா?"

"பேசாத ஆத்தா. ஆனை தின்னுருக்கு. இங்கனதான் எங்கயோ நிக்கிது."

என் கையிலிருந்த கொப்பை வாங்கி மெதுவாகக் கல்லில் வைத்தார்.

"இதத் தின்னட்டும். நாம வெரசா எறங்கிருவோம்."

என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு இறங்கினார். அவர் நெஞ்சு அடித்துக்கொள்வது தொங்கிய என் கால்களில் தெரிந்தது. வளைவைத் தாண்டும்போது பின்னால் அந்தக் கொப்பு முறிகிற சத்தம் கேட்டது.

"என்னம்மா, நின்னுட்ட?" மகளின் செல்போனில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

இப்போதெல்லாம் யாரும் தழை போடுவதில்லையோ என்னவோ. மாசி வெயில் சுள்ளென்று அடித்தது. குனிந்து கல்லைத் தொட்டுப் பார்த்தேன்.

ஈரமாக இருந்தது.