ஃபுட்ஸ்கிரேத் தெருவில் ஒரு பன்றி ஊர்வலம்

எழுபத்தேழாம் ஆண்டு ஜனவரி மாதம், ஒரு சனிக்கிழமை மாலை, சிட்னி சென்ட்ரல் நிலையத்தில் மெல்பேர்ண் ரயிலைப் பிடித்தேன். தொள்ளாயிரத்து ஐம்பது கிலோமீற்றருக்கு மேல் ஓடி, விடிந்தபின் போய்ச் சேரும். கொழும்பிலிருந்து அலுவலகப் பயிற்சிக்காக வந்தவன் நான். படுக்கை டிக்கெட் எடுக்க மனம் வரவில்லை. உட்கார்ந்தே போவது என்று முடிவு.

எதிர் ஆசனத்தில் ஒரு பிலிப்பைன்ஸ் பெண். சிட்னி ஆஸ்பத்திரியில் தாதி, பெயர் லூர்து. ரயில் நகர்ந்ததும் டப்பாவைத் திறந்து, தேங்காய்ப்பூ தூவிய அரிசிமா அப்பத்தை நீட்டினாள். யாழ்ப்பாண மரியாதைப்படி வேண்டாம் என்றேன். மறுபடி நீட்டினாள். வேண்டாம் என்றேன். மூன்றாம் முறை எடுத்துக்கொண்டேன். அவள் சிரித்தாள்.

நாங்கள் பேசியது ஆளுக்கொரு ஆங்கிலம். எழுதும்போது எனக்கு என் ஊர்த் தமிழாகத்தான் வருகிறது, வாசகர் பொறுத்தருள்க.

"கூயா, உங்கட ஊரிலயும் மூண்டு தரம் கேக்கவேணுமோ? இஞ்ச ஒருக்காத்தான் கேப்பினம். வேண்டாம் எண்டால் மூடி வைச்சிடுவினம். வந்த புதுசில நான் எத்தினை நாள் பட்டினி கிடந்தனான் தெரியுமோ!"

கூயா என்றால் அண்ணை. அந்த ஒரு சொல்லில் நான் அவள் வீட்டு ஆளாகிவிட்டேன். அண்ணன் ரமோனின் குழந்தைக்கு மறுநாள் ஞானஸ்நானம், நீங்களும் வரத்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள்.

ரமோனுக்கு மெல்பேர்ணின் ஃபுட்ஸ்கிரே பகுதியில் இரும்பு வார்ப்பு ஆலையில் வேலை. குடிவந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகியும் அந்தத் தெருவில் ஒருவர்கூட அவன் வாசற்படி ஏறவில்லையாம். கையசைப்பார்கள், சிரிப்பார்கள், கதவைச் சாத்திக்கொள்வார்கள். ரமோனின் மனைவி நேனாவுக்கு அது பொறுக்கவில்லை. ஞானஸ்நானத்துக்கும் ஒருவரும் வராவிட்டால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மணிலாவுக்குப் போய்விடுவேன் என்று சொல்லிவிட்டாள். அதனால் ரமோன் தெரு முழுவதையும், ஆலை ஃபோர்மனையும் சேர்த்து அழைத்துவிட்டு, முழுப் பன்றி ஒன்றைச் சுடப்போகிறான்.

"நான் பிறவிச் சைவம், தங்கச்சி."

"வந்து சும்மா பாருங்கோ, கூயா. பாக்கிறதும் சைவம்தானே!"

ஞாயிறு காலை மெல்பேர்ண் கொதித்துக்கொண்டிருந்தது. வெயிலோடு வடக்குக் காற்றும் சேர்ந்து, அடுப்புக்குள் தலையை விட்டதுபோல் இருந்தது. ஃபுட்ஸ்கிரே வீட்டின் பின்முற்றத்தில் கரித் தணல். அதன்மேல் நீண்ட மூங்கிலில் கோத்த பன்றி. அந்த மூங்கிலுக்காக ரமோன் நகரமெல்லாம் அலைந்தானாம். பன்றியைச் சுழற்ற இரண்டு நண்பர்களை நிறுத்திவிட்டு எல்லோரும் கோயிலுக்குப் போனோம். பிள்ளை தலையில் தண்ணீர் பட்டதும் வீரிட்டது.

திரும்பி வந்தபோது வேலிக்கு மேலால் பக்கத்து வீட்டு ஜாக்கின் தலை தெரிந்தது. கையில் தண்ணீர்க் குழாய்.

"ரமோன், இண்டைக்கு முழுத் தீத்தடை. வெளியில ஒரு இடத்திலயும் நெருப்பு மூட்டேலாது. ரேடியோவில சொன்னவங்கள்."

"அது காட்டுக்கெண்டு நினைச்சன், சேர்."

"சேர் எண்டு கூப்பிடாத. ஜாக்."

"ஓம், சேர் ஜாக்."

ஜாக் கெட்ட மனிதர் அல்ல; சொல்லிவிட்டு முகம் வாடி நின்றார். ரமோன் தன் கையாலேயே தணலில் தண்ணீர் ஊற்றினான். பன்றி பாதிதான் வெந்திருந்தது. விருந்தினர் வரும் நேரமோ நெருங்கிக்கொண்டிருந்தது. வெட்டிக் குசினி அடுப்பில் வைப்போமா என்று லூர்து மெல்லக் கேட்டாள்.

"வெட்டி வைச்சால் அது சாப்பாடு. முழுசா வைச்சால்தான் விருந்து," என்றாள் நேனா. பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். ரமோன் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஜாக் தலையைச் சொறிந்தார். பிறகு தெருமுனைக்கு நடந்தார். திரும்பி வந்தபோது மூச்சிரைத்தது.

"மூலையில இருக்கிற இத்தாலியன்ர பேக்கரி அடுப்பு இன்னும் சூடாத்தான் இருக்குதாம். வீட்டுக்குள்ள இருக்கிற அடுப்புக்குத் தடையில்லை. கொண்டு வரட்டாம்."

நான்கு தோள் வேண்டும். ரமோனும் நண்பர்களும் மூவர். ஜாக்குக்கு இடுப்பு வலி. ரமோன் என்னைப் பார்த்தான், உடனே பார்வையை வேறு பக்கம் திருப்பினான். நான் சைவம் என்று லூர்து சொல்லியிருக்கவேண்டும். அவன் கேட்டிருந்தால் ஒருவேளை சாக்குச் சொல்லியிருப்பேன். கேட்காமல் விட்டதுதான் என்னை அசைத்தது. துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு மூங்கிலின் கீழே போய் நின்றேன். நல்லூர்த் தேர் வடம் பிடித்த கை இது. அன்று அதற்கு ஒரு குறையும் வந்துவிடவில்லை என்று இன்றும் நினைக்கிறேன்.

ஜாக் முன்னால் போய்க் கார்களை மறித்தார். நடுவில் நாங்கள். பின்னால் வெள்ளைச் சட்டைக் குழந்தையோடு நேனா. கொழுப்பு என் முதுகில் வழிந்தது. ஒவ்வொரு வீட்டுக் கதவாகத் திறந்தது. யாராவது செத்துப்போனார்களா என்று ஒரு கிழவி கேட்டாள். "இல்லை, ஞானஸ்நானம்!" என்று நேனா உரத்துச் சொன்னாள். கிழவி செருப்பை மாட்டிக்கொண்டு எங்கள் பின்னால் வந்தாள். அவளைப் பார்த்து இன்னும் சிலர் வந்தார்கள்.

பேக்கரி வாசலில் மூங்கிலின் இரு முனையையும் அறுத்துப் பன்றியை உள்ளே விட்டார்கள். தெருவில் பாதி அங்கேயே நின்று காத்திருந்தது. தோல் செவ்விளநீர் நிறத்துக்கு வந்து மொறுமொறுத்ததும், ஒரு நீளப் பலகையில் ஏற்றித் திரும்பத் தூக்கினோம். இந்தத் தடவை எனக்கு இடம் கிடைக்கவில்லை. அப்போதுதான் வந்து சேர்ந்த ஃபோர்மன், கோட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, என்னை ஒதுக்கித் தோள் கொடுத்தார். பன்றியோடு தெருவே வாசற்படி ஏறியது. சாப்பாட்டுக் கோப்பைகள் போதவில்லை, ஜாக்கின் மனைவி தன் வீட்டிலிருந்து அள்ளிக்கொண்டு வந்தாள். நான் வெறுஞ்சோறும் வாழைப்பழப் பொரியலும் தின்றேன்.

யாழ்ப்பாணத்தில் எங்கள் ஒழுங்கைக்கு வெளியூர்க் குடும்பம் ஒன்று வந்தால், அவர்கள் எந்தப் பகுதி, என்ன ஆட்கள் என்று விசாரிப்பதிலேயே எங்களுக்கு ஒரு வருடம் போய்விடும். இந்த ரமோனும் நேனாவுமோ விசாரிப்புக்குக் காத்திராமல் தாங்களே வீதிக்கு இறங்கிவிட்டார்கள். அவர்களை நினைத்தால் எனக்குப் பெருமையாக இருக்கிறது.

திங்கள் காலை நான் பையோடு வாசலில் நின்றபோது, வேலிக்கு மேலால் ஜாக் கூப்பிட்டார்.

"ரமோன், அடுத்த வருசம் இதைக் குளிர்காலத்தில வைச்சுக்கொள்ளுங்கோ. நெருப்பை என்ர முற்றத்திலயே மூட்டலாம். சரியே?"

ரமோன் வாயைத் திறக்குமுன் நேனா பதில் சொன்னாள்.

"ஓம், ஜாக். வைப்பம்."