துவைக்காத டோகா

தொட்டியில் போடும் முன் லாரோனியஸ் ஒவ்வொரு துணியையும் விரித்து, கறைகளைச் சுட்டுவிரலால் தொட்டுக்கொண்டே போவார். கறையின் மேல் விரல் ஒரு கணம் நிற்கும், உதடு அசையும். மது. மீன்சாறு. ஆலிவ் எண்ணெய். அப்புறம்தான் அழுக்கு நீக்கும் புளித்த மூத்திரத்தில் முக்கி மிதிப்பார். ரோமில் அவருடைய வெளுப்புப் பட்டறைக்கு மேல்மாடியில் என் அறை; சுருள்களைப் படியெடுப்பது என் தொழில். ஜன்னலிலிருந்து பார்ப்பேன்; பேசியது குறைவு.

அன்று ஊரே கொதித்துக்கொண்டிருந்தது. ஏழைகளுக்கு நிலம் கேட்ட மக்கள் பிரதிநிதி மிண்டியஸை முந்தைய மாலை அவர் வீட்டுத் தோட்டத்திலேயே குத்திக் கொன்றிருந்தார்கள். கூட உணவருந்திய நண்பர் ரம்மியஸ், கொன்றது சமையல்காரன் ஹிலாரஸ்தான் என்றார். ஹிலாரஸ் அடிமை. மறுநாள் விசாரணை, அப்புறம் சிலுவை.

அன்று காலையிலேயே ரம்மியஸின் மேலாள் ஒரு டோகாவை, ரோமானியர் உடம்பைச் சுற்றிப் போர்த்தும் வெள்ளைத் துணியை, சுருட்டிக்கொண்டு வந்தான்.

"யோவ், சாயங்காலத்துக்குள்ள வேணும். ஐயா கோயில்ல பலி குடுத்தப்போ ரத்தம் தெறிச்சிடுச்சு."

லாரோனியஸின் விரல் நின்றது. "உங்க ஐயா எப்பலேர்ந்துய்யா வெறும் மேலோட நின்னு கோடாலி புடிக்க ஆரம்பிச்சாரு?"

பலி கொடுப்பவர் டோகாவைத் தலைமேல் இழுத்துக்கொண்டு பலி மிருகத்தின் தலையில் உப்பு கலந்த மாவைத் தூவுவதோடு சரி. வெட்டுவது வேறு ஆள், டோகாவும் கிடையாது.

"உன் வேலை துவைக்கிறது" என்று சொல்லிவிட்டு மேலாள் போனான்.

மனைவி ஓப்பியா பதறினாள். "பெரிய எடத்துப் பகை நமக்கெதுக்கு? போட்டு மிதிய்யா."

"மிதிச்சா அந்தச் சமையக்காரன் செத்தான்டி."

"அவன் உனக்கு மாமனா, மச்சானா?"

சாயங்காலம் மேலாள் வந்தபோது, துணி இன்னும் காயவில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார். மறுநாள் டோகாவைத் தோளில் போட்டுக்கொண்டு விசாரணை மன்றத்துக்கு நடந்தார். அவர் மேல் அடித்த நாற்றத்துக்குக் கூட்டம் தானாக விலகியது. நானும் பின்னால் போனேன்.

"துவைக்காத துணிய இங்க எதுக்குய்யா கொண்டாந்த?" என்றார் நீதிபதி, மூக்கைப் பொத்திக்கொண்டு.

"துவைச்சிருந்தா நீங்க பாக்க ஒண்ணும் இருந்திருக்காதுங்க." லாரோனியஸ் ரம்மியஸ் பக்கம் திரும்பினார். "ஐயா, ரத்தம் பலியில தெறிச்சதுன்னு உங்க ஆள் சொன்னான். எந்தக் கோயில்? வெட்டினவன் பேரென்ன?"

ரம்மியஸ் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வெளியே நடந்தார். தீர்ப்புக்குக் காத்திராமல் நாட்டைவிட்டே ஓடிப்போனார். ஹிலாரஸின் கட்டுகளை அவிழ்த்தார்கள். அதற்குப் பிறகு பெரிய வீடுகளிலிருந்து பட்டறைக்குத் துணி வருவது நின்றது. லாரோனியஸ் கம்பளிப் போர்வைகளை மிதித்துப் பிழைத்தார்.

அடுத்த வருடம் மிண்டியஸின் மனைவி, கணவரின் சுருள்களைப் படியெடுக்க என்னை அழைத்தார். மிண்டியஸ் கொண்டுவர இருந்த சட்டம் ஒன்று அவற்றில் இருந்தது: வெளுப்புப் பட்டறைகள் ஊர் மதிலுக்கு வெளியே போக வேண்டும். மூட வேண்டியவற்றில் முதல் பெயர் லாரோனியஸ். கொலைக்கு இரண்டு நாள் முன்பு மிண்டியஸே பட்டறைக்குப் போய் அதை அவரிடம் சொல்லிவிட்டு வந்தாராம்.