கரண்டி யார் கையில்

பெண்கள் பள்ளியில் இலக்கியம் நடத்தும் அவளுக்கு மாணவிகள் வைத்த பெயர் தீவு டீச்சர். பாடத்திட்டத்தில் ஒரு பழைய நாவல். கப்பல் உடைந்து தீவில் ஒதுங்கியவர்கள், மணியைக் கையில் வைத்திருப்பவரே பேசலாம் என்று சட்டம் போட்டு, கடைசியில் ஒருவரையொருவர் வேட்டையாடும் கதை. மணி என்றால் நாகரிகம், இருட்டில் கேட்கும் இனந்தெரியாத சத்தம் என்றால் நமக்குள் இருக்கும் மிருகம் என்று வருடம் தவறாமல் விளக்குவாள். விளக்கும்போது கண் கலங்கும். மனிதர்கள்மேல் அவளுக்கு அவ்வளவு வருத்தம். தன்மேல் மட்டும் சந்தேகமே வந்ததில்லை.

அவள் குடியிருந்த அடுக்குமாடியில் கூட்டம் என்றால் சந்தைக்கடைதான். அவள்தான் தன் சமையலறையிலிருந்து ஒரு பெரிய கரண்டியைக் கொண்டுவந்து, "இது யார் கையில இருக்கோ அவங்க மட்டும் பேசணும்" என்றாள். முதலில் சிரித்தார்கள். பிறகு பழகிப்போயிற்று.

அந்தக் கோடையில் குழாயில் தண்ணீர் நின்றது. குடம் தூக்கித் தூக்கி எல்லோருக்கும் இடுப்பொடிந்தது. கீழ்த்தளத்தில் தையல்காரர் வீட்டிலிருந்து மட்டும் சில நாட்களாக 'உர்ர்' என்று ஒரு சத்தம். நேர் மேலே இருந்த டீச்சருக்கு அது நன்றாகக் கேட்டது. மோட்டார் போட்டுத் தண்ணீரை உறிஞ்சுகிறார் என்று முதலில் சொன்னது அவள்தான். பல் தேய்க்கக்கூடத் தண்ணீர் இல்லாத காலை அது.

அன்று மாலை மொட்டைமாடியில் கூட்டம். கரண்டி கைமாற மாற, தையல்காரர் வீட்டுக் குழாயை அடைத்துவிடுவது என்று ஏறக்குறைய முடிவாகிவிட்டது. அவருக்குப் பேச்சு திக்கும். எழுந்து கையை நீட்டினார். கரண்டி அப்போது டீச்சரிடம் இருந்தது. அவள் அதை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள்.

"என்னத்த சொல்லப்போறீங்க? எனக்குத்தான் தினம் காதுல விழுதே."

இரண்டே மாடிக் கட்டடம். படி வழியாக அந்தச் சத்தம் ஏறி வந்தது. குடியிருப்போர் சங்கச் செயலாளர் காதைத் தீட்டிக்கொண்டு, "இதோ, இப்பவே ஓடுது" என்றார்.

அவ்வளவுதான். எல்லோரும் தடதடவென்று இறங்கினார்கள். யாரோ உதைத்ததில் தாழ்ப்பாள் பிய்ந்தது. முதல் ஆளாக உள்ளே நுழைந்தவள் டீச்சர்.

தையல்காரரின் மகள், டீச்சரிடம் படிப்பவள், தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தாள். பழைய மெஷினுக்குப் புதிதாக ஒரு சின்ன மோட்டார் பொருத்தியிருந்தார்கள். ஊசிக்கு அடியில் பள்ளிச் சீருடைப் பாவாடை. பயத்தில் அவள் மிதியிலிருந்து காலை எடுத்தாள். சத்தம் நின்றது.

"டீச்சர்?" என்றாள். அவள் பார்த்தது டீச்சரின் முகத்தை அல்ல, தலைக்குமேல் ஓங்கியிருந்த கரண்டியை. எப்போது ஓங்கினோம் என்று டீச்சருக்கே தெரியவில்லை. பின்னால் வந்தவர்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள். செயலாளருக்குத் திடீரென்று அடுப்பில் பால் வைத்தது ஞாபகம் வந்தது.

தையல்காரர் மூச்சு வாங்க வந்து சேர்ந்தார்.

"தையல் மெஷின்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அண்ணே" என்றாள் டீச்சர். இவ்வளவு கேவலமாக அவள் வாழ்நாளில் பேசியதில்லை.

"க... கரண்டி குடுக்கலையே டீச்சர்" என்றார். குத்திக்காட்டவில்லை. நிஜமாகவே சட்டத்துக்குக் கட்டுப்பட்டுத்தான் நின்றிருக்கிறார்.

மறுநாள் காலை, தெருமுனையில் பெரிய குழாய் உடைந்திருப்பதைக் கண்டுபிடித்தார்கள். தாழ்ப்பாளைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

அன்று வகுப்பில் மணி உடையும் அத்தியாயம். தையல்காரரின் மகளும் வந்திருந்தாள். அவள் பக்கம் பார்க்காமலே டீச்சர் பாடத்தை ஓட்டினாள். ஆனாலும் பழக்கதோஷத்தில், "மணி எதைக் குறிக்குது?" என்ற கேள்வி வாயிலிருந்து வந்துவிட்டது. எப்போதும் முதலில் எழுபவள் அந்தப் பெண்தான். அன்றும் எழுந்தாள். டீச்சர் சொல்லிக்கொடுத்ததை ஒரு சொல் பிசகாமல் சொன்னாள்.

"மணி நாகரிகத்தைக் குறிக்குது டீச்சர். அது இருக்கிற வரைக்கும் எளியவங்களும் பேச முடியும்."

சரியான பதிலுக்கு 'சபாஷ், உக்காரு' என்பது டீச்சரின் வழக்கம். அன்று சாக்பீஸைப் பிடித்த கையை என்ன செய்வது என்று தெரியாமல் புடவைத் தலைப்புக்குள் ஒளித்துக்கொண்டாள்.

அந்தப் பெண் கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். பிறகு, அப்பாவைப் போலவே பணிவாக, "உக்காரட்டுமா டீச்சர்?" என்று கேட்டாள்.