நாற்பது நாற்காலிகளுக்கான கடிதம்

அந்த வியாழக்கிழமை காலையில் நான் செய்துகொண்டிருந்தது திருட்டு வேலை. அலுவலகக் கம்பியூட்டரில் என் சொந்தக் கடிதம் ஒன்றை அடித்துக்கொண்டிருந்தேன். கொழும்பில் ஒரு கம்பெனியில் வேலை கேட்டு விண்ணப்பம். எனக்கு அப்போது இருந்தது தற்காலிக வேலை. எப்போது வேண்டுமானாலும் போகச் சொல்லலாம். ஆனால் அலுவலக இயந்திரத்தில் சொந்த வேலை கூடவே கூடாது என்று தலைமைக் கிளார்க் முதல் நாளே சொல்லியிருந்தார்.

அவர் யாழ்ப்பாணத்து மனிதர். கத்த மாட்டார். கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்ப்பார், அவ்வளவுதான். கத்துகிற ஆட்களை நான் சமாளித்துவிடுவேன். தேயிலைத் தோட்டத்து லயத்தில், சுவரோடு சுவர் ஒட்டிய வரிசை வீட்டில், பிறந்து வளர்ந்தவளுக்குக் கத்தல் புதிதா என்ன? அந்தப் பார்வைதான் எனக்கு ஆகாது.

எங்கள் அலுவலகம் பதுளை பஜாரில் ஒரு துணிக்கடைக்கு மேலே இருந்தது. தோட்டத்து ஆட்களுக்கு அடையாள அட்டை எடுத்துக் கொடுக்க உதவுகிற ஒரு சிறிய சங்கம். யுத்தம் நடந்த தொண்ணூறுகளில் கொழும்புக்கு வேலைக்குப் போன எங்கள் பையன்களுக்கு அந்த அட்டை எவ்வளவு பெரிய விஷயம் என்று நான் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. என் அண்ணன் அங்கே ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை பார்த்தான். அட்டை இல்லை என்று பொலிஸார் அவனை இரண்டு தடவை பிடித்துக்கொண்டு போனார்கள். இரண்டாவது தடவை வெளியே வர நான்கு நாளாகிவிட்டது. அதற்குப் பிறகு அவன் கடையை விட்டு வெளியே காலெடுத்து வைப்பதே இல்லை.

வருகிற சனிக்கிழமை அப்புத்தளையில் ஒரு பள்ளிக்கூடத்தில் நடமாடும் சேவை. அதிகாரிகள் கொழும்பிலிருந்து வந்து ஒரே நாளில் அட்டைக்கான வேலையை முடித்துவிடுவார்கள். எங்கள் பட்டியலில் பெயர் இருப்பவர்களை மட்டுமே கூப்பிடுவார்கள். பட்டியல் வெள்ளி மத்தியானத்துக்குள் அவர்கள் கையில் இருக்க வேண்டும். அண்ணன் வெள்ளி இரவு ரயில் ஏறுவதாக எழுதியிருந்தான்.

அந்தப் பட்டியல் முழுவதும் என் கம்பியூட்டரில் இருந்தது. நான்கு மாதமாக லயம் லயமாக ஏறி இறங்கி எழுதிய விவரம், தோட்டத்துக்கு ஒரு ஃபைலாக ஒன்பது ஃபைல். கம்பியூட்டரில் அடித்து முடித்ததும் கையால் எழுதிய படிவங்களை மாதாமாதம் கொழும்புக்கு அனுப்பிவிட்டோம். பிரின்டருக்கு ரிப்பன் தீர்ந்து ஒரு மாதமாகியிருந்தது. புது ரிப்பன் அன்றைக்குக் காலையில்தான் வந்தது. வெள்ளிக்கிழமை அச்சடித்துவிடலாம் என்று நிம்மதியாக இருந்தோம்.

அந்த இயந்திரத்தில் படமும் கிடையாது, மவுஸும் கிடையாது. கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து. கட்டளையை அடித்து என்டரைத் தட்ட வேண்டும். டிர் என்று அடித்தால் என்னென்ன இருக்கிறது என்று காட்டும். சிடி அடித்து ஒரு டிரெக்டரிக்குள் போகலாம், டெல் அடித்து அழிக்கலாம். என் கடிதத்தை ஒரு தனி டிரெக்டரியில் ஒளித்து வைத்திருந்தேன்.

மரப்படியில் காலடிச் சத்தம் கேட்டது. அவருடைய நடை. இன்னும் பதினைந்து படி. நான் சிடி போட்டு என் டிரெக்டரியின் பெயரை அடித்தேன். அவசரத்தில் ஓர் எழுத்து தப்பாகிவிட்டது. அப்படி ஒரு டிரெக்டரி இல்லை என்று திரை சொல்லியிருக்கிறது. நான் பார்த்துக்கொண்டிருந்ததோ கதவை. டெல், நட்சத்திரம், புள்ளி, நட்சத்திரம். அதாவது இங்கே இருப்பது எல்லாவற்றையும் அழி. எல்லாமே போய்விடும், நிச்சயம்தானா என்று கேட்டது. ஆம் என்பதற்கான எழுத்தைத் தட்டி என்டர் அடித்தேன்.

பிறகுதான் நிமிர்ந்து பார்த்தேன். நான் நின்றுகொண்டிருந்தது பட்டியல் டிரெக்டரியில். டிர் அடித்தேன். ஒன்றும் இல்லை. இன்னொரு தடவை அடித்தேன். அப்போதும் ஒன்றும் இல்லை.

"பிள்ளை, ஒரு கடிதம் அவசரமா அடிச்சுத் தாரும்," என்று அவர் உள்ளே வந்தார். "அப்புத்தளைக் கோயிலிலை நாப்பது கதிரை கேக்கவேணும். சனம் நாள் முழுக்க நிண்டுகொண்டா இருக்கிறது?"

இந்த இடத்தை நான் மறைக்காமல் எழுத வேண்டும். அழித்த ஃபைலை மீட்க ஒரு கட்டளை உண்டு என்பது எனக்குத் தெரியும். பஜார் கம்பியூட்டர் வகுப்பில் படித்தபோது மாஸ்டர் சொல்லியிருந்தார்: "அழிச்சது அங்கதாம்மா இருக்கும். ஆனா அதுக்கப்புறம் புதுசா எதையாவது சேவ் பண்ணினா, அது மேலேயே போய் உக்காந்துரும்." அந்த வாக்கியம் முழுசாக என் மண்டைக்குள் ஓடியது. ஓடிக்கொண்டிருக்கும்போதே நான் கடிதத்தை அடித்தேன். ஆங்கிலத்தில்தான். அந்த இயந்திரத்துக்குத் தமிழ் தெரியாது, கோயில் நாற்காலிக்கும் ஆங்கிலத்தில்தான் கெஞ்ச வேண்டும். பன்னிரண்டு வரி.

சேவ் பண்ணாமல் நேராக அச்சடித்துவிடலாம் என்று நினைத்தேன். அவர் விடவில்லை.

"சேவ் பண்ணும் பிள்ளை. எங்களுக்கும் ஒரு கொப்பி இருக்கவேணும்."

அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. சேவ் பண்ணினேன். டிஸ்க் கரகரவென்று ஒரு சத்தம் போட்டு ஓய்ந்தது. கடிதத்தைப் படித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு அவர் அடுத்த கடிதத்துக்கான குறிப்பை எடுத்தார். அதற்குமேல் என்னால் முடியவில்லை.

"சேர், இதுல இனிமே ஒண்ணும் அடிக்க வேணாங்க."

"ஏன்?"

"லிஸ்ட் அழிஞ்சு போச்சுங்க சேர். நான்தான் அழிச்சிட்டேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். அவர் அப்படிச் செய்து நான் பார்த்ததே இல்லை.

"எப்ப?"

"நீங்க படி ஏறிக்கிட்டு இருக்கும்போது."

"கடிதம் அடிக்க முதலா?"

"ஆமாங்க சேர்."

"ஏன் முதலே சொல்லேல்லை?"

அவர் எழுந்து போய் இரும்பு அலுமாரியைத் திறந்து, போன மாதம் நகல் எடுத்து வைத்திருந்த டிஸ்கெட்டைக் கொண்டுவந்தார். மலைநாட்டு ஈரத்தில் அதில் பூஞ்சணம் பிடித்திருந்தது. இயந்திரம் அதைப் படிக்க மறுத்துவிட்டது.

அன்டிலீட் என்று அந்த மீட்கிற கட்டளையை அடித்தேன். ஒவ்வொரு பெயராக வந்தது. அழித்த ஃபைலின் முதல் எழுத்து போய்விடும், அந்த இடத்தில் ஒரு கேள்விக்குறி நிற்கும். மீட்கட்டுமா என்று கேட்கும். ஆம் என்றால், முதல் எழுத்தைக் கொடு என்று கேட்கும். எழுத்துப் பிழைத்தால் ஃபைல் ஒரேயடியாகப் போய்விடும் என்று நான் நம்பியதால் ஒவ்வொரு எழுத்தையும் இரண்டு தடவை யோசித்துத் தட்டினேன். எந்த எழுத்தைக் கொடுத்தாலும் போதும் என்பது பல வருடம் கழித்துத்தான் தெரிய வந்தது. அவர் என் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். மூச்சுச் சத்தம் கேட்டது.

முதலாவது வந்தது. இரண்டாவது, மூன்றாவதும் வந்தன. நான்காவது எங்கள் தோட்டம், ஹாலிஎலப் பக்கம். அதுவும் வந்தது. உடனே திறந்து அண்ணனின் பெயரைப் பார்த்தேன். இருந்தது. வாய்விட்டு அழுதுவிட்டேன். அவர் தண்ணீர்ப் போத்தலை என் பக்கம் தள்ளினார்.

ஏழாவது வரவில்லை. இந்த ஃபைலை மீட்க முடியாது என்று ஒரே வரி. மற்றவை எல்லாம் வந்துவிட்டன. அப்புத்தளைக்கு மேலே ஒரு தோட்டத்தின் அறுபத்தொரு பேர் மட்டும் போனார்கள். அவர்கள் இருந்த இடத்தில் நாற்பது நாற்காலிக்கான கடிதம் உட்கார்ந்துவிட்டது. அந்த ஏழாவது எங்கள் தோட்டம் இல்லை என்றுதான் முதலில் நினைத்தேன். அந்த நிம்மதியை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேல் வெறுப்பு வரும்.

அவர் கொழும்புக்குப் போன் போட்டார். படிவங்களைச் சாக்கில் கட்டிப் போட்டிருக்கிறது, தேடி எடுக்க ஒரு கிழமையாகும் என்றார்கள். வேறு என்ன இருக்கிறது என்று பார்க்க அவரே குனிந்து மேல் டிரெக்டரிக்குப் போய் டிர் அடித்தார். என் டிரெக்டரி வந்தது. உள்ளே என் விண்ணப்பம் ஓர் எழுத்தும் குறையாமல் பத்திரமாக இருந்தது. முழுவதும் படித்தார். என்னைப் பார்த்தார். பிறகு குடையை எடுத்தார்.

"வாரும். மூண்டு மணிக்குள்ளை அந்தத் தோட்டத்திலை நிக்கவேணும்."

பஸ் பண்டாரவளையைத் தாண்டியது. பிறகு அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, "சேவ் பண்ணச் சொன்னது நான்தான்," என்றார்.

"தெரிஞ்சும் பண்ணினது நான் சேர்."

அவர் அதை மறுக்கவில்லை.

மலை ஏறி அந்தத் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது மழைத் தூறல். பறித்த கொழுந்தை எடைபோட்டுக் கொடுத்துவிட்டுப் பெண்கள் லயத்துக்குத் திரும்பும் நேரம். பளபளக்கும் அலுவலகச் சப்பாத்தோடு அவர் சேற்றில் ஒவ்வொரு வாசலாக நின்று கேட்டார், நான் எழுதினேன். போன மாசம்தானே எல்லாம் சொன்னோம், திரும்ப எதுக்குங்க என்று கேட்டவர்களுக்கு நான் தலையைக் குனிந்துகொண்டு எழுதினேன். இருட்டுவதற்குள் அறுபது பேர் ஆகிவிட்டது.

கடைசி லயத்தில் ஒரு கதவு பூட்டியிருந்தது.

"அந்த அக்காவ நேத்து பதுளை ஆஸ்பத்திரிக்கு ஏத்திக்கிட்டு போயிட்டாங்க," என்றாள் பக்கத்து வீட்டுப் பெண். "மகன் கொழும்புல. தம்பி தம்பின்னுதான் கூப்பிடுவோம், ரிஜிஸ்டர் பேரு தெரியாதுங்களே."

பிறந்த தேதியும் தெரியாது, பிறப்புப் பத்திர இலக்கமும் தெரியாது. மறுநாள் காலை நேராக ஆஸ்பத்திரிக்குப் போனேன். அந்த அம்மா காய்ச்சலில் நினைவில்லாமல் கிடந்தார். கட்டிலடியில் ஒன்பது மணி வரை நின்றேன். பிறகு அலுவலகம் போய் அறுபது பேரை அடித்து அச்சடித்தேன். மத்தியானத்துக்குள் பட்டியல் அதிகாரிகள் கைக்குப் போய்ச் சேர்ந்தது.

சனிக்கிழமை அண்ணன் ரயிலிலிருந்து இறங்கிய கையோடு பள்ளிக்கூடத்துக்கு வந்தான். பதினொரு மணிக்கு அவன் பெயரைக் கூப்பிட்டார்கள். வேலை முடிந்து வெளியே வந்தவனின் முகத்தை அப்படிச் சிரிப்போடு நான் பார்த்து வருடக்கணக்காகிவிட்டது. கூடவே ஒருவரை அழைத்து வந்தான்.

"இவரும் என்கூடத்தான் ரயில்ல வந்தாரு. இன்னும் பேரு கூப்பிடலையாம். கொஞ்சம் என்னன்னு பாரேன்."

அண்ணன் வயதுதான் இருக்கும். நீலச் சட்டை. கையில் பிளாஸ்டிக் பையில் சுற்றிய பிறப்புப் பத்திரம். தோட்டத்தின் பெயரைச் சொன்னார். அதற்குமேல் அவர் ஒன்றும் சொல்லத் தேவையிருக்கவில்லை.

தலைமைக் கிளார்க் போய் அதிகாரியிடம் சிங்களத்தில் கெஞ்சினார். அவர் யாரிடமும் கெஞ்சி நான் பார்த்ததில்லை. மற்றவர்கள் முடிந்த பிறகு பார்க்கலாம் என்றார்கள். அந்த மனிதர் மாலை வரை வரிசை ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். நான்கு மணிக்கு அதிகாரிகள் பெட்டியைக் கட்டினார்கள். பட்டியலில் இல்லாத பெயரைச் செய்ய முடியாது என்றார்கள்.

நான் அந்த நீலச் சட்டைக்காரர் முன்னால் போய் நின்றேன்.

"என்னாலதாங்க. உங்க பேரு இருந்த ஃபைல நான்தான் அழிச்சிட்டேன்."

"அடிச்சு வச்சது எப்படிங்க அழியும்?" என்று கேட்டார். கோபமாக இல்லை, உண்மையாகவே புரியாமல் கேட்டார். கம்பியூட்டரைப் பற்றி ஏதோ சொல்லப் பார்த்தேன். "சரி விடுங்க," என்றார். "நான் வந்தேன்னு ஒரு துண்டு எழுதித் தருவீங்களா? பொலிஸ்ல கேட்டாங்கன்னா காட்டலாம்."

தலைமைக் கிளார்க் கையாலேயே எழுதி முத்திரை குத்திக் கொடுத்தார். அந்த மனிதர் அதை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு இரவு ரயிலுக்குக் கிளம்பினார். அண்ணனும் அதே ரயில்தான். அடுத்த நடமாடும் சேவை வர இரண்டு வருடமானது. அதற்கு அவர் வரவில்லை. வேறு எங்காவது அட்டை எடுத்துக்கொண்டாரா, என்ன ஆனார் என்று எனக்குத் தெரியாது. அவருடைய அம்மா பிழைத்துவிட்டார் என்பது மட்டும் தெரியும்.

அந்தச் சனிக்கிழமை எழுந்து போகும்போது அவர் தான் உட்கார்ந்திருந்த நாற்காலியைத் தூக்கி மற்றவற்றோடு அடுக்கி வைத்துவிட்டுப் போனார். கோயிலுக்குத் திருப்பிக் கொடுக்கும்போது நான் இரண்டு தடவை எண்ணிப் பார்த்தேன். நாற்பதும் சரியாக இருந்தன.