ஒரு முடிச்சு வெந்தயம்

பெரஷித் ஊரில் எந்த வீட்டில் பிள்ளை பிறந்தாலும் மூன்றாம் நாள் தாமூவுக்கு ஆள் வந்துவிடும். நாட்டுக்கோழியும் மசூர்ப் பருப்பும் வெந்தயமும் போட்டு, பெற்றவளுக்குப் பால் ஊற ரஃபீசாக் குழம்பு வைக்க அவளை விட்டால் ஆள் கிடையாது. முப்பது வருஷம். ஊரில் பாதிப் பிள்ளைகள் குடித்த பால் தன் குழம்பில் ஊறியது என்று அவளே சொல்லிக்கொள்வாள், சொல்லட்டுமே, பொய்யில்லையே. அப்படிப்பட்டவளின் ஒரே மகள் ஹஸ்னாவுக்கு இப்போது தலைப்பிரசவம், அதுவும் சலே நகரத்தில், மாமியார் வீட்டில்.

"நான் வந்துதான் அடுப்புல சட்டி ஏறணும்" என்று போனில் நாலு தடவை சொல்லியிருந்தாள். ஊறவைத்த வெந்தயத்தைத் துணியில் முடிந்து மடியில் வைத்துக்கொண்டு மூன்றாம் நாள் விடிகாலையில் பஸ் ஏறினாள். பாழாய்ப்போன பஸ் வழியில் படுத்துக்கொண்டது. போய்ச் சேர்ந்தபோது உச்சி வெயில். வாசலிலேயே குங்குமப்பூ வாசனை அடித்தது. உள்ளே சம்பந்தி ரக்கியா சட்டியில் கோழியைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

"வாங்க சம்பந்தி! உங்களைக் காணோமேன்னு நானே வச்சுட்டேன். பிள்ளை பெத்தவ பசியோட இருக்கக்கூடாதில்ல?"

"அதுக்கென்ன, வச்சது வச்சாச்சு. எங்க ஊர்ல வெங்காயம் இப்படிக் கரையாது, அவ்வளவுதான்."

"உங்க ஊர் வெங்காயத்துக்கும் உங்களை மாதிரியே வீம்பு போல!" என்று ரக்கியா சிரித்தாள்.

சிரிக்கிறாள் பாருங்கள்! உள்ளறையிலிருந்து ஹஸ்னாவின் குரல் வேறு: "அத்தை, தண்ணி! அத்தை, குழந்தையைக் கொஞ்சம் வாங்குங்க!" அம்மா வந்து நிற்கிறாள், வாய் அத்தையைத்தான் கூப்பிடுகிறது. ஊரார் பெண்களுக்கெல்லாம் ஆக்கிப்போட்ட கைக்குச் சொந்த மகளுக்கு ஆக்கிப்போடக் கொடுத்துவைக்கவில்லை. ரக்கியா உள்ளே போன நேரம் பார்த்துத் தாமூ முடிச்சை அவிழ்த்து, வெந்தயம் முழுவதையும் சட்டியில் கொட்டிக் கிளறினாள். கசக்கும் என்று அவளைவிடத் தெரிந்தவர் யார்? கசக்கட்டும்.

பிய்த்துப்போட்ட அடுக்கு ரொட்டிமேல் குழம்பை ஊற்றி, தாம்பாளத்தை ஹஸ்னாவின் முன்னால் வைத்தார்கள். பிள்ளை பார்க்க வந்து சுற்றி உட்கார்ந்த பெண்கள் ஒரு வாய் வைத்ததும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ரக்கியா குழம்பை விரலால் துழாவினாள். அவள் போட்டது இடித்த வெந்தயம்; விரலில் ஒட்டியதோ முழு வெந்தயம். நிமிர்ந்து தாமூவை ஒரு பார்வை பார்த்தாள்.

"என் கைதான் கொஞ்சம் தாராளமாப் போயிடுச்சு. மனசுல வச்சுக்காதீங்க," என்றாள் எல்லோரிடமும்.

"மருமகளுக்குப் பால் ஊறணுமேன்னுதானே போட்டீங்க! இப்படி ஒரு மாமியார் யாருக்குக் கிடைக்கும்?" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

இந்த நல்ல பேரும் அவளுக்கேவா? தாமூவால் பொறுக்க முடியவில்லை.

"இவங்க ஒண்ணும் போடல. நான்தான் கொட்டினேன். வேணும்னேதான் கொட்டினேன்!"

எல்லோர் கையும் தாம்பாளத்தை விட்டு விலகியது. ஹஸ்னா மட்டும் மென்றுகொண்டே இருந்தாள். தாம்பாளத்தில் அவள் பக்கம் பாதி காலி.

"தெரியும் யம்மா. முதல் வாயிலேயே தெரிஞ்சுபோச்சு. உன் கை பட்டதுன்னுதானே இந்தக் கசப்பை முழுங்கிக்கிட்டிருக்கேன்."

தாமூவுக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆனாலும் முதலில் ரக்கியா பக்கம் திரும்பி, மகள் சொன்னது அவள் காதில் விழுந்ததா என்று பார்த்தாள்.