தூளிப் பஞ்சாயத்தும் ஒரு தேங்காயும்

மலைமேல் இருக்கும் புதூர்நாட்டுச் சடையன் கடல் தாண்டிப் போய்வந்தவன் என்றால் ஊரில் பாதிப் பேர் இன்னும் நம்பமாட்டார்கள். நம்பாவிட்டால் போகட்டும், அவனுக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

எழுபத்தொன்பதாம் வருஷம் மலையடி ஒடுகத்தூருக்குப் புளி இறக்கப் போனவன், மண்டிக்காரர் தாண்டவராயனின் பேச்சில் மயங்கி மதராஸ் போனான். அங்கே ஒரு சரக்குக் கப்பலில் சமையல் எடுபிடியாக ஏறினான். சாமை அறுப்புக்குள் திரும்பிவிடுவதாக மனைவி மங்கம்மாளுக்கு ஆள்மூலம் சத்தியம் சொல்லி அனுப்பியிருந்தான்.

கப்பல் பனாமாக் கரையில் பழுதாகி நின்றது. அடுத்த வெள்ளிக்கிழமை ஊர் திரும்பப் புறப்படும் என்றார்கள். அதுவரை சும்மா கிடப்பானேன் என்று, ஒரு டச்சுக்காரரின் பாய்மரப் படகில் சமைக்கச் சேர்ந்துகொண்டான் சடையன். பாயில் காற்று ஏறியதும் அவனுக்குத் தலைகால் புரியவில்லை. தண்ணீர் ஓரிடத்தில் பச்சை, ஓரிடத்தில் நீலம். திரும்பிய பக்கமெல்லாம் தென்னை நிற்கும் குட்டித் தீவுகள். தெரிந்த கும்மிப் பாட்டையெல்லாம் தொண்டை கட்டும்வரை கத்திப் பாடினான்.

அந்தத் தீவுகள் குனா என்ற பழங்குடி மக்களுடையவை. பெண்கள் மூக்கில் தங்க வளையம், காலில் வரிசையாக மணி, ரவிக்கையில் துணிமேல் துணி வைத்துத் தைத்த பறவையும் மீனும். இதெல்லாம் நம்ம சனம்தான் என்று அவனாகவே முடிவு கட்டிவிட்டான். வினை அங்கேதான் பிடித்தது. மலையில், காட்டு மரத்தடியில் விழுந்த பழம் எடுத்தவனுக்குச் சொந்தம். அந்த நினைப்பில் கீழே கிடந்த தேங்காய் ஒன்றைப் பாறையில் உடைத்துக் குடித்தான். குனாத் தீவிலோ மரம் ஒவ்வொன்றுக்கும் ஆள் உண்டு. விழுந்த காயும் அவருடையதே. இரண்டு மடக்கு இறங்குவதற்குள், இடுப்பில் கைவைத்து முன்னால் நின்றாள் அந்த மரத்துக்காரி.

பஞ்சாயத்து கூடியது. அன்று புதன்கிழமை. உச்சிப்பொழுதுக்குள் படகு கிளம்பாவிட்டால் கப்பலைப் பிடிக்க முடியாது, தீர்ப்பு ஆகாமல் இவர்களும் விடமாட்டார்கள் என்று டச்சுக்காரர் கையைப் பிசைந்தார். சடையன் விரல்விட்டு நாளை எண்ணிப் பார்த்தான். உலகத்தின் மறுகோடியில் திருடன் என்ற பெயரோடு நின்றுபோனால் மங்கம்மாளுக்கு யார் போய்ச் சொல்வது?

கூட்டத்தின் நடுவே ஊர்ப் பெரியவர் தூளியில் ஆடிக்கொண்டு படுத்திருந்தார். அந்த நேரத்திலும் சடையனுக்குச் சிரிப்பு முட்டியது. அடக்கிக்கொண்டு, மலைப் பஞ்சாயத்தில் குற்றவாளி செய்வதுபோல் துண்டை இடுப்பில் கட்டி நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான். மயக்கம் போட்டுவிட்டான் என்று பதறி ஒருத்தி ஒரு குடம் தண்ணீரை அவன் தலையில் கவிழ்த்தாள். பெரியவர் சிரித்த சிரிப்பில் தூளிக் கயிறு கிறீச்சிட்டது.

தீர்ப்பை டச்சுக்காரர் பேச்சும் சைகையுமாகச் சொன்னார்: மரத்துக்காரி வீட்டில் இரண்டு கூடை சோளம் குத்த வேண்டும். மலையில் ஆண்பிள்ளை உலக்கையைத் தொடமாட்டான். சடையன் ஒரு கணம் மீசையைத் தடவினான், பிறகு தொட்டான். மங்கம்மாள் போடுவதுபோலவே ‘ஹும் ஹும்’ என்று மூச்சுப் போட்டுக் குத்தினான். பெண்கள் சிரித்துச் சிரித்து மணலில் உட்கார்ந்துவிட்டார்கள். வேலை முடிந்ததும் மரத்துக்காரி முளைவிட்ட தேங்காய் ஒன்றை அவன் கையில் வைத்து வழியனுப்பினாள். கப்பலும் கிடைத்தது, சாமை அறுப்பும் கிடைத்தது.

ஊரில் கடல், தூளி, தண்ணீர்க்குடம் எல்லாவற்றையும் சொன்னான். உலக்கையை மட்டும் விழுங்கிவிட்டான். வீட்டுக்குப் பின்னால் நட்ட தென்னை, குளிரோடு மல்லுக்கட்டி ஏழாம் வருஷம் முதல் காயைப் போட்டது. சடையன் ஓடிப்போய் எடுத்தான். நிமிர்ந்தால் இடுப்பில் கைவைத்து நின்றாள் மங்கம்மாள்.

“யாரக் கேட்டு எடுத்த?”

“நான் நட்ட மரம்தான?”

“ஏழு வருசமா தண்ணி ஊத்துனது யாரு?”

அவள் நின்ற நிலை அப்படியே அந்தத் தீவுக்காரியைப் போலிருந்தது. சந்தோஷத்தில் சடையனுக்கு நாக்கு நழுவிவிட்டது. “அங்கயும் ஒருத்தி இப்டியேதான் நின்னா. ரெண்டு கூட சோளம் குத்துன பொறவுதான் வுட்டாங்க.”

வீட்டுக்குள் போன மங்கம்மாள் ஒரு முறம் சாமையும் உலக்கையும் கொண்டுவந்து உரலருகே வைத்தாள். சடையன் கை வலிக்கிறது என்று முனகிப் பார்த்தான்.

“அங்க குத்துன கைக்கு இங்க மட்டும் இன்னா நோவு?” என்றாள்.